எந்தப் படத்திலும் இல்லாத பாட்டு

அன்று காலை நான் முதலில் செய்த வேலை, தண்ணீர் மோட்டாரைப் போட்டது. சுவிட்சைத் தட்டிவிட்டு அடுப்படிக்குத் திரும்புவதற்குள் கைப்பேசி அடித்தது. சகாயம் அழைத்தார். ஜெசிந்தா அக்காவின் இசைக்குழுவில் தொடக்கத்திலிருந்தே கீபோர்டு வாசிப்பவர். “டீச்சர், அக்கா தவறிட்டாங்க. விடிகாலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. அரியலூருக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு” என்றார். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. பக்கத்து வீட்டிலிருந்து சத்தம் வந்த பிறகுதான் உறைத்தது. “டீச்சர்! டேங்க் வழியுது டீச்சர்! தெருவுல ஓடமே விடலாம் போலருக்கு!”

வேப்பந்தட்டையில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ் ஏறினேன். ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் இருக்கும் அவருடைய ஊருக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிடும். வழியெல்லாம் அவரைப் பற்றிய நினைவுகள்தான். அவற்றில் சிலவற்றை, அவரை அறிந்த உங்களுக்காக எழுதுகிறேன்.

இந்த இரண்டு மாவட்டங்களில் திருவிழாக் கச்சேரி கேட்டு வளர்ந்த யாருக்கும் ‘அரியலூர் ஜெசிந்தா’வை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பட்டுச் சேலைக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு மேடையில் நின்றவர். “மேடைப் பலகையில ஆணி நீட்டிக்கிட்டு இருக்கும். கால் போனா குரலும் போயிடும்” என்பார். கொஞ்சம் கரகரப்பான குரல்தான். தேன் குரல் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. ஆனால் கோயில் கொடை, தேர்த் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று எங்கே பாடினாலும், முன்வரிசைக்கும் கடைசியில் சைக்கிளில் சாய்ந்து நிற்பவருக்கும் ஒரே அளவு கேட்கும் குரல்.

“அப்படி என்னதான் இருக்கு அந்தம்மாகிட்ட?” என்று என் கணவர் பலமுறை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன். இன்று சரியாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் பதினோராம் வகுப்பு படித்தபோது திருமழபாடியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். கோயில் திருவிழாவுக்கு இன்னிசைக் கச்சேரி. சினிமாப் பாட்டு நான்கு முடிந்ததும் ஜெசிந்தா மைக்கைப் பிடித்து, “அடுத்து, விரைவில் வெளிவர இருக்கும் செவ்வந்திச் சாலை என்ற திரைப்படத்திலிருந்து ஒரு பாடல்” என்றார். பிறகு பாடினார்.

“பஸ்ஸு போனாப் போகட்டும்டி,
பாதை போகலையே – நம்ம
பாதை போகலையே!”

பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு தோழிகள் பேசிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடக்கிற பாட்டு. ரயில் பாதையே இல்லாத பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர்கள் நாங்கள். பஸ்தான் எங்களுக்கு எல்லாம். பஸ்ஸைத் தவறவிடுவது எங்களுக்குத் திட்டு வாங்கித் தருகிற குற்றம். அதைப் போய் ஒருத்தி துள்ளிக்கொண்டு பாடுகிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் நடந்து போவதைப் பாட்டாக நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஊருக்குத் திரும்பியதும் வெற்று கேசட் ஒன்றை எடுத்துக்கொண்டு பெரம்பலூரில் பாட்டுப் பதிந்து தரும் கடைக்கு ஓடினேன். “செவ்வந்திச் சாலையா? இன்னும் வரலம்மா. அடுத்த வாரம் வரும்” என்றார் கடைக்காரர். அடுத்த வாரம் போனேன். “கம்பெனியில பிரச்சனையாம். தீபாவளிக்கு வந்துடும்.” தீபாவளிக்குப் போனேன். “பாதிப் படத்துல ஹீரோவுக்கும் டைரக்டருக்கும் சண்டையாம்மா, அப்படியே நிக்குது” என்றார். தெரியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எங்கள் வகுப்பில் ஒருத்தி ஒரு படி மேலே போய், அந்தப் படத்தின் ஷூட்டிங்கைக் கல்லணையில் நேரிலேயே பார்த்ததாகச் சத்தியம் செய்தாள். ஹீரோயின் கட்டியிருந்த பாவாடையின் நிறம்வரைக்கும் சொன்னாள்.

அப்படி ஒரு படம் இல்லை. அது ஜெசிந்தாவே எழுதிய பாட்டு. மெட்டு சகாயத்துடையது. சினிமாப் பாட்டு அல்லாத எதையும் கூட்டம் கேட்காது, “எறங்கும்மா கீழ” என்று கத்திவிடும் என்பதால், தன் பாட்டுகளுக்கெல்லாம் ஒரு படத்தின் பெயரை அவரே வைத்துவிட்டார். பத்து வருடம் ஊர் ஊராக அந்தப் படத்தை ‘விரைவில்’ வெளியிட்டுக்கொண்டே இருந்தார்.

இந்த உண்மை வெளியே வந்த நாளில் நான் அங்கே இருந்தேன். என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட்டுக்கொள்ளும் நாட்களில் அதுவும் ஒன்று.

கல்லூரி இறுதியாண்டு. உடையார்பாளையத்தில் தோழி வீட்டுக்குத் திருவிழாவுக்குப் போயிருந்தோம். முதல் நாள் மாலை வெளியூர் இசைக்குழு ஒன்று வந்து, “செவ்வந்திச் சாலை படத்திலிருந்து” என்று சொல்லி இதே பாட்டைப் பாடிவிட்டுப் போயிருக்கிறது. மறுநாள் மாலை ஜெசிந்தாவின் முறை. அவர் பல்லவியை முடிப்பதற்குள் முன்வரிசையில் துண்டு போட்ட ஒருவர் எழுந்து கையை ஆட்டினார். “ஏம்மா, நிறுத்தும்மா. நேத்து அவங்க அச்சு அசலாப் பாடினாங்க. உன்னுது ஒரிஜினல் மாதிரியே இல்லயே!”

கூட்டம் சிரித்தது. சகாயம் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஜெசிந்தாவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்ததை நான் பார்த்தேன். சரிங்க என்று சொல்லிவிட்டு அடுத்த சினிமாப் பாட்டுக்குப் போயிருக்கலாம். அவர் மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றினார்.

“அய்யா, ஒரிஜினல் நான்தாங்க.”

“என்னது?”

“இந்தப் பாட்ட எழுதினது நான். மெட்டு போட்டது இதோ, இந்த சகாயம். செவ்வந்திச் சாலைன்னு ஒரு படமே இல்லீங்க. நீங்க கேக்க மாட்டீங்கன்னு பயந்துகிட்டு நானா சொன்ன பொய்.”

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “அப்ப அந்தப் படம் வரவே வராதா?”

“வராதும்மா.”

“பாட்டு மட்டுந்தானா?”

“பாட்டு மட்டுந்தாம்மா.”

“அட, அது போதும் பாடு! நாங்க என்ன படத்தயா கேட்டோம்?”

கூட்டம் மொத்தமும் கைதட்டிச் சிரித்தது. துண்டுக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே, “அப்ப முதல்லேருந்து பாடு தாயி” என்றார். அன்று அந்தப் பாட்டை மூன்று தடவை பாட வைத்தார்கள். மூன்றாவது தடவை ஜெசிந்தா வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். ஷூ போட்ட கால் மட்டும் தாளம் போட்டது.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், கேசட் கடைக்கு நான் நடந்த கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “ஹீரோவுக்கும் டைரக்டருக்கும் சண்டையாமா? அடப்பாவி, எனக்கே தெரியாதே! சகாயம், கேட்டியா? நம்ம படம் பாதியில நிக்குதாம்!” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “படிக்கிற பொண்ண இத்தன தடவ அலைய விட்டுட்டேனேம்மா” என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் கலை.

அதன் பிறகு அவர் பாடிய ஒவ்வொரு மேடையிலும் ஒரு வழக்கம் உண்டானது. நீங்கள் கேட்டிருப்பீர்கள். எந்தப் பாட்டானாலும் எழுதியவர் பெயர், மெட்டமைத்தவர் பெயர் சொல்லாமல் தொடங்க மாட்டார். தன் பாட்டு என்றால், “இது எந்தப் படமும் இல்ல, எழுதினது நான், மெட்டு சகாயம்” என்பார். கடைசியில் மைக் செட்காரர், ஜெனரேட்டர்காரர், பந்தல் போட்டவர் எல்லாருடைய பெயரும் வரும். “ஏங்க்கா இவ்வளவு பேரு? ஜனங்க எழுந்து போறாங்க பாருங்க” என்று ஒரு தடவை கேட்டேன். “நீ டீச்சர்தானே? பள்ளிக்கூடத்துல சேக்கும்போது அப்பா அம்மா பேரக் கேக்குறீங்கள்ல? பாட்டுக்கு மட்டும் கேக்கக் கூடாதா?” என்றார்.

சென்னையிலிருந்து ஒரு முறை அழைப்பு வந்தது. சினிமாப் பாட்டுப் பதிவு என்றதும் குழுவே பூரித்துப் போனது. மூன்றாம் நாள் அக்கா திரும்பி வந்துவிட்டார். பெரம்பலூரில் பஸ் மாறும்போது என்னை வரச்சொன்னார். டீக்கடையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். “டிராக் பாடணுமாம், கலை. பெரிய பாடகிக்குப் பாட்டு பழக நான் பாடி வைக்கணும். அவங்க வந்து பாடினதும் என்னுத அழிச்சிடுவாங்களாம். அழிக்கிறதுக்குன்னு பாட அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்?” அவர் குரலில் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டீ ஆறுவதற்குள் புதுப் பாட்டின் முதல் அடி ஒன்றைப் பாடிக் காட்டிவிட்டார். அந்தப் பாட்டும் பழைய பாட்டுகளும் அடங்கிய கேசட்டை அவரே வெளியிட்டார். கச்சேரி மேடைக்குக் கீழே மேசை போட்டு விற்றார்கள். எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களில் நாடா தேய்ந்துபோகும்வரை டிரைவர்கள் அதைப் போட்டார்கள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து ‘பஸ்ஸு போனாப் போகட்டும்டி’ கேட்ட ஊர் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவது அல்ல.

நான் பாட்டு எழுதுவேன். கல்லூரி நாளிலிருந்தே எழுதுகிறேன். எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது நான்கு வரி போடுவேன். மேலே ‘படித்ததில் பிடித்தது’ என்று எழுதிவிடுவேன். “யார் எழுதினதோ, அருமை டீச்சர்” என்று கட்டைவிரல் வரும். நன்றி என்பேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. எழுதினேன் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். “டீச்சருக்கு இப்பதான் கவித பொங்குதாம்” என்று ஒரே ஒருவர் சொல்லிவிட்டால்கூடத் தாங்க முடியாது என்று பட்டது. அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் எதுவும் இல்லை.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் அதே டீக்கடையில் ஒரு தாளை அக்காவிடம் நீட்டினேன். “எங்கயோ படிச்சதுக்கா. உங்க குரலுக்கு நல்லாருக்கும்னு தோணுச்சு.” அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். விரல் மேசையில் தாளம் தட்டத் தொடங்கியது. பிறகு நின்றது.

“எழுதினது யாரு?”

“தெரியலக்கா.”

“யாருன்னே தெரியாதவங்க பாட்டுல, வேப்பந்தட்டை பள்ளிக்கூடத்து ஜன்னல்லேருந்து மலை தெரியுதுன்னு எப்படி வந்துச்சு?”

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கலை, நான் செவ்வந்திச் சாலையில பத்து வருசம் குடியிருந்தவ. என்கிட்டயேவா?”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “நல்ல பாட்டு. பாடுறேன். உன் பேரச் சொல்லித்தான் பாடுவேன்” என்றார். “பேரு வேண்டாங்க்கா, சும்மா பாடுங்களேன்” என்று கெஞ்சினேன். “அப்ப பாட மாட்டேன். நீயா சொல்லு, அப்பப் பாடுறேன்.” அதற்குப் பிறகு சந்தித்த ஒவ்வொரு முறையும், “என்ன கலை, சொல்லலாமா?” என்று கேட்பார். “அடுத்த தடவக்கா” என்பேன். கடைசியாகக் கேட்டது போன பொங்கலுக்கு. அதற்கும் அடுத்த தடவை என்றுதான் சொன்னேன். அவர் குரலில் என் பாட்டைக் கேட்கும் வாய்ப்பு இருந்தது. அதை நானே தள்ளித் தள்ளி இல்லாமலாக்கிவிட்டேன்.

அக்காவின் ஊரில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது பெரிய ஃபிளெக்ஸ். மைக்கோடு அக்கா சிரிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில், ‘பிரபல திரைப்படப் பின்னணிப் பாடகி’ என்று இருந்தது. அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். பக்கத்தில் வந்து நின்ற சகாயம், “அக்கா பாத்தா எந்திரிச்சு வந்து கிழிச்சிடும்” என்றார். அழுது வீங்கிய கண்களோடு.

அதை வைத்தவர் அக்காவின் தம்பி லூர்துசாமி. விவசாயம் பார்ப்பவர். அக்கா கல்யாணமே செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தோடுதான் இருந்தார். நான் மெதுவாகக் கேட்டேன். “அண்ணே, அக்கா சினிமாவுல பாடினதில்லயே?”

“எனக்குத் தெரியாதா டீச்சர்?” என்றார் அவர். “வெறும் பாடகின்னு போட்டா யாரு மதிப்பா? நாப்பது வருசம் மேடை மேடையா நின்னுச்சு எங்கக்கா. ‘கச்சேரிக்காரி’ன்னுதான் சொந்தக்காரங்க சொன்னாங்க. போற அன்னிக்காவது ஒரு மரியாத வேணாமா? நீங்களே சொல்லுங்க.”

அவர் பொய் சொல்லவில்லை, தன் அக்காவுக்கு மாலை போடுகிறார் என்பது புரிந்தது. ஊர் மதிக்காதே என்று பயந்து உண்மையை மறைப்பது, அக்கா பத்து வருடம் செய்ததும் அதுதானே. நான் இன்னும் செய்துகொண்டிருப்பதும் அதுதானே. எந்த முகத்தோடு அவரிடம் வாதாடுவேன்?

மாலை நான்கு மணிக்கு மாதா கோயில் மணி அடித்தது. பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பேண்டு செட் முன்னால் போயிற்று. கூட்டத்தைப் பார்த்து எனக்கு மலைப்பாக இருந்தது. உடையார்பாளையத்திலிருந்து, திருமழபாடியிலிருந்து, எங்கள் வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். நெற்றியில் திருநீறு வைத்தவர்கள் பாதிப் பேர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் தயங்கி நின்றவர்களை ஃபாதர் உள்ளே அழைத்தார். செபம் முடிந்தது. எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள்.

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து யாரோ ஒரு பெண் மெல்லத் தொடங்கினாள். “பஸ்ஸு போனாப் போகட்டும்டி…” அடக்கம் செய்த இடத்தில் அப்படிப் பாடலாமா என்று ஒரு நொடி எல்லாரும் ஃபாதரைப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “பாதை போகலையே” என்றபோது நூறு குரல் சேர்ந்துவிட்டது. பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுபவர் அழுதபடியே மெட்டைப் பிடித்தார். இரண்டாவது சரணம்வரை ஒரு சொல் பிசகாமல் பாடினார்கள். எந்த வானொலியிலும் வராத, எந்தத் திரையிலும் ஓடாத பாட்டு. ஒரு பெண் ஊர் ஊராக வந்து நின்று, வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பாட்டு. நானும் பாடினேன். ஜெயித்துவிட்டார் என்று தோன்றியது. எங்கள் அக்கா ஜெயித்தேவிட்டார்.

லூர்துசாமி பாடவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றார். “இத்தன பேருக்கா தெரியும்?” என்று சகாயத்திடம் கேட்டார். “இதுக்கு மேலயும் தெரியும்ணே” என்றார் சகாயம்.

நான் பஸ்ஸுக்கு நடந்தபோது இருட்டவில்லை. ஃபிளெக்ஸுக்கு அருகில் நாற்காலி போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தார் லூர்துசாமி. நடுவில் இருந்த சொற்களின் மேல் வெள்ளை சார்ட் தாளை வைத்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் மட்டும் மிஞ்சின. பிரபல பாடகி. இடையில் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளை. “கோணலா இருக்கா டீச்சர்?” என்று கேட்டார். “சரியா இருக்குண்ணே” என்றேன்.

பஸ் வரும்வரை சகாயம் கூட நின்றார். முப்பதாம் நாள் அன்று கோயில் மைதானத்தில் அக்காவுக்காக ஒரு கச்சேரி வைக்கப்போவதாகச் சொன்னார். முழுக்க அக்காவின் சொந்தப் பாட்டுகள். பிறகு கொஞ்சம் தயங்கி, “உங்க பாட்டு என்கிட்டதான் இருக்கு டீச்சர். அக்கா கொடுத்த வாரமே மெட்டுப் போட்டாச்சு. பேருக்குச் சம்மதம் வந்தாத்தான் பாடணும்னு அக்கா உத்தரவு. என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்கும் பழகிப்போயிருக்கும்.

அக்காவிடமிருந்து எனக்கென்று எஞ்சியிருப்பது அவர் கேட்டுக்கொண்டே இருந்த அந்த ஒரு கேள்விதான். இரண்டு நாள் யோசித்தேன். வாத்தியார் வேலை பார்க்கிறவளின் பேரைத் திருவிழா மைக்கில் கூவினால் என்ன ஆகும் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தேன். சிரிப்பார்கள். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, பிறகு பாட்டைக் கேட்பார்கள்.

நாளை சகாயத்தைக் கூப்பிடுவேன். என் கணவருக்கும் மகளுக்கும் பள்ளியில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை, நீங்கள்தான் முதலில் அறிகிறீர்கள். பாட்டு தொடங்குமுன் மைக்கில் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறேன். மெட்டு, சகாயம். எழுதியவர், வேப்பந்தட்டை இரா. கலைவாணி.